வண்டிக்குள் எரிந்த அடுப்பு

அடுப்பின் இரைச்சல் காதுக்கு மிக அருகில் கேட்டது. அவள் விழித்துக்கொண்டாள்.

பனி வழியை அடைத்ததும் அண்ணன் வேனை மலைச்சாலை ஓரமாக நிறுத்தினான். வெள்ளைப் பெட்ரோலில் எரியும் அந்தச் சின்ன அடுப்பை வெளியே, சக்கரத்தின் மறைவில் பம்ப் அடித்துப் பற்றவைத்தது அவள்தான். நில அளவை வேலையில் பத்து வருடம் கூடாரங்களில் சமைத்தவள். மூடிய இடத்தில் அதை எரியவிட்டால் மணமில்லாத விஷவாயு ஆளையே சாய்த்துவிடும் என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

இப்போது அது இருக்கைகளுக்கு நடுவே நீலமாகச் சீறிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் பனி அப்பி வெளுத்துக் கிடந்தன. பிற்பகல் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர்போல உள்ளே கசிந்தது.

“உள்ள எதுக்குக் கொண்டுவந்த?”

“வெளியில வெச்சா காத்துதான் குளிர்காயும்,” என்றான் அண்ணன், ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி. “நீ வெடவெடன்னு நடுங்குன. பாக்கச் சகிக்கல. அடுப்பு டாங்க் முழுக்க ஊத்திட்டேன்.”

“ஐயோ, ஜன்னலத் தெற அண்ணா!”

“இதோ…” நாக்கு குழறியது.

அவளே கதவை நோக்கிக் கையை நீட்டினாள். கை மடியிலேயே கிடந்தது. மண்டைக்குள் யாரோ உலக்கையால் இடிப்பதுபோல் வலித்தது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

கடிகாரத்தில் நாற்பது நிமிடம் போயிருந்தது.

அண்ணன் அவள் பக்கம் முகம் திருப்பியிருந்தான். கன்னங்கள் நல்ல சிவப்பு. குளிர் விட்டுவிட்டது போலிருக்கிறது என்று ஒரு கணம் நிம்மதியானாள். வேனின் கூரையில் வேர்த்திருந்த ஈரம் திரண்டு, சொட்டி, அவனுடைய திறந்த கண்ணில் விழுந்தது.

இமைக்கவில்லை.

இன்னொரு சொட்டு. இமைக்கவில்லை.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

அப்போது சீறல் தளர்ந்தது. தீ சுருங்கியது. டாங்கில் காற்றழுத்தம் இறங்குகிறது. பம்ப் அடிக்க ஆளில்லை. தானே அணைந்துவிடும். இன்னும் கொஞ்சம். மூச்சை அடக்கினாள். நீலம் மங்கியது. இன்னும் கொஞ்சம்.

“குளிருதாம்மா?”

அண்ணனின் உதடு அசையவில்லை.

அவன் கை மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. அடுப்பைத் துழாவியது. பம்ப்பைப் பிடித்தது.

சரக். சரக். சரக்.

தீ எழும்பியது.