அயல் என்றொரு சொல்

மாலை வெயில் வைப்பாற்றின் மணலை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது. ஆறு ஒரு கரையை மட்டும் ஒட்டி, மெலிந்து, ஓசையின்றி ஓடியது. எதிர்க்கரைப் பனைகள் இருண்டுவிட்டன. அவற்றின் மேலே வளர்பிறை நிலவு இன்னும் ஒளி கொள்ளாமல் வெளுத்து நின்றது. அந்த ஆற்றை நோக்கிய வல்லைமேட்டுக் கோட்டையின் வடக்கு வாசலில், வாசகர்களே, ஒரு பெண்ணும் ஒரு நாயும் உள்ளே வரும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் செண்பகவடிவு நாச்சியார், வல்லைமேட்டுப் பாளையக்காரரின் ஒரே மகள். மாசி மாதப் போரில் தந்தை மாண்டார், கோட்டை விழுந்தது. இப்போது தான் பிறந்த வீட்டிலேயே அவள் சிறைப்பட்டிருந்தாள்.

நாயின் பெயர் சருகு. காய்ந்த இலையின் நிறம், அவள் இடுப்பளவு உயரம், ஒடுங்கிய வயிறு, நீண்ட முகம். முயலை மோப்பம் பிடித்துத் தேடாமல், கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் கரிசல் காட்டு வேட்டை நாய் அது. காட்டில் அம்பாகப் பாயும் அந்த நாய் வீட்டில் மகா சோம்பேறி. நாச்சியாரின் கட்டிலில் முக்கால் பங்கை அது பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் அவள் ஒடுங்கிக்கொள்வாள். அவள் தலை வாரும்போது தன் நீண்ட முகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சீப்பு ஏறி இறங்குவதையே பார்த்திருக்கும். தந்தை இறந்த பிறகு அவள் இரவில் அழுததைக் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தப் பாளையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணுக்கு நிச்சயமானால் தாய்வீடு ஒரு பெண் குட்டியைத் தரும். மணமக்கள் இருவரும் ஒரே கிண்ணத்துக் கூழை ஊரறியத் தங்கள் கையால் அதற்கு ஊட்டுவார்கள். அன்றிலிருந்து அவ்விரு கைகளைத் தவிர வேறு கையில் அது உண்ணாது. தரையில் கிடப்பதையும் தொடாது. எதிரிகள் நஞ்சு வைத்துக் கொல்லாமலிருக்க அப்படிப் பழக்கினார்கள். சருகுக்கு ஊட்டிய இன்னொரு கை ஆனையப்பனுடையது. அவன் வல்லைமேட்டின் இளம் படைத்தலைவன். போரில் அவன் பிணம் கிடைக்கவில்லை.

கோட்டையைப் பிடித்த தளவாய் பெத்தண்ணன் இதைக் கேள்விப்பட்டிருந்தார். ஆகையால், ஆனையப்பன் மாறுவேடத்தில் வந்தால் நாயே காட்டிக்கொடுக்கட்டும் என்று, நாள்தோறும் மாலையில் கோட்டைக்குள் வரும் ஆண்கள் எல்லாரும் சருகுக்கு ஒரு பிடி கூழ் நீட்ட வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார்.

அவர் கேள்விப்படாதது ஒன்று இருந்தது. முன்பு நம்பிய கை பின்னாளில் பகையானால் என்ன செய்வது? அதற்கு அந்த வீட்டார் நாய்க்கு இரண்டு சொற்களைக் கற்றுத் தந்திருந்தார்கள். வளர்த்தவள் நாயின் நெற்றியைத் தொட்டு, நீட்டிய கையைப் பார்த்து ‘அயல்’ என்றால், அந்தக் கையில் அது பிறகு உண்ணாது. அதே கை எதிரில் இருக்க, அவளே ‘நம்மவர்’ என்று சொன்னால்தான் விலக்கு நீங்கும். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

“ஏலே, கூடைய எறக்கு. என்ன இது?” என்றான் வாசற்காவலன்.

“கருப்பட்டி, சாமி.”

“போன தடவை வேறொருத்தன்கிட்ட வாங்கினதுல பாதி மணலால்ல இருந்தது.”

“ஆத்தோரத்துச் சரக்கு, சாமி. ஆறும் கொஞ்சம் கலக்கத்தானே செய்யும்.”

காவலர்கள் சிரித்தார்கள். நாச்சியார் சிரிக்கவில்லை. குரலை அந்தக் கருப்பட்டிக்காரன் மாற்றியிருந்தான். தலையை மழித்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். ஆனால் சருகு எழுந்து நின்றுவிட்டது. அதன் வால் மெல்ல அசைந்தது.

வாசலருகே ஆசனமிட்டு அமர்ந்திருந்த தளவாய் சற்று முன்னால் சாய்ந்தார்.

“நாச்சியாரே, இதுவரை எவருக்கும் எழாத நாய் இவனுக்கு எழுகிறதே?”

“கருப்பட்டி என்றால் அதற்கு உயிர், தளவாயே. தங்கள் வீரர்களிடம் அந்த இனிப்பு இல்லை.”

“தங்கள் நாவிலும் இல்லை” என்று தளவாய் புன்னகைத்தார். “ஊட்டட்டும்.”

ஆனையப்பன் மண்டியிட்டான். கிண்ணத்துக் கூழை வலக்கையில் அள்ளி நீட்டினான். நாண் இழுத்துக் காய்த்த அந்த விரல்களை நாச்சியார் அறிவாள். சருகு உண்டால் அங்கேயே அவன் தலை விழும். சருகு கழுத்தை நீட்டியது.

“இவன் யார்?” என்று கேட்டார் தளவாய்.

நாச்சியார் குனிந்து நாயின் நெற்றியில் கை வைத்தாள். தடவிக் கொடுப்பது போலத்தான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தாள்.

“அயல்” என்றாள்.

சருகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது, தான் கேட்டது சரிதானா என்பது போல. அவள் கை நெற்றியை விட்டு நகரவில்லை. நாய் கூழிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வால் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

அந்தச் சொல்லின் பொருள் ஆனையப்பனுக்கும் தெரியும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்தான். “நாய்க்குப் பசியில்ல போலிருக்கு, மவராசா” என்றான். மேலும் ஒரு கணம் அங்கே நின்றால் இருவர் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். அவளை மீட்க வந்தவன் காலை இழுத்துக்கொண்டே வெளியேறினான்.

தளவாய் சொன்னார்: “நாய் பொய் சொல்லாது. அதனால் அவனை விட்டேன். ஆனால் தங்கள் கை அதன் நெற்றியை விட்டு நகரவேயில்லை, நாச்சியாரே. இனி இந்தக் கோட்டை தங்களுக்கு ஏற்ற இடமல்ல. விடியற்காலையில் பல்லக்கு வரும். மேற்கு மலைக்கோட்டைக்குப் போகிறீர்கள்.”

“சருகும் என்னோடு வரும்.”

“நாய்க்கு இனி வேலையில்லை. இங்கேயே இருக்கட்டும்.”

சிறைப்பட்ட நாள் முதல் எதையும் வேண்டாத நாச்சியார் அன்று கை கூப்பினாள். “தளவாயே, அது வேறு எவர் கையிலும் உண்ணாது. பட்டினியால் செத்துப்போகும்.”

“உரியவர் இன்னொருவர் வெளியே இருக்கிறாரே. வந்து ஊட்டட்டும்” என்றார் அவர், ஏளனமாக.

அதற்கு ஒரே ஒரு மறுமொழிதான் இருந்தது: அந்தக் கையையும் இன்று விலக்கிவிட்டேன் என்பது. அதைச் சொன்னால் கருப்பட்டிக்காரன் ஆற்றைக் கடக்குமுன் குதிரைகள் அவனைப் பிடித்துவிடும். நாச்சியார் கூப்பிய கைகளைப் பிரித்துக்கொண்டாள். அன்றிரவு கட்டில் முழுவதையும் சருகுக்கு விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, விடியும்வரை பிடி பிடியாக அதற்கு ஊட்டினாள். போதும் என்று அது முகம் திருப்பிய பிறகும் இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சினாள்.

விடியலில் பல்லக்கு புறப்பட்டது. சருகு கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தது. திறந்த வெளியில் அந்த வேகத்துக்கு ஈடேது? ஆனால் ஆற்று வளைவில் பனங்காடு குறுக்கிட்டது, பல்லக்கு மறைந்தது. கண்ணால் மட்டுமே துரத்தத் தெரிந்த நாய், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் நின்றுவிட்டது.

பல்லக்கைச் சூழ்ந்து சென்ற குதிரைவீரர்களைத் தனியாக எதிர்க்க முடியாமல் பனங்காட்டில் பதுங்கியிருந்த ஆனையப்பன் அங்கேதான் அதைக் கண்டான். சருகு ஓடி வந்து அவன் தோள்மேல் முன்னங்கால்களைப் போட்டது, முகமெல்லாம் நக்கியது. அவன் கூழ் நீட்டினான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“நம்மவர்” என்றான் அவன், நாச்சியாரின் குரலை முயன்று வரவழைத்து.

சருகு அந்தச் சொல்லுக்குத் துள்ளியது. அவன் முதுகுக்குப் பின்னால் ஓடிப் போய்த் தேடியது. அங்கே அவள் இல்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

பல்லக்கு போன மேற்குத் திசையில் நடந்தார்கள். வழியில் ஒருநாள் அது ஒரு முயலைப் பிடித்து, பழக்கம் மாறாமல் பல் படாது கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தது. அவன் அதன் பங்கை அறுத்து நீட்டினான். சருகு ஆசையோடு பார்த்தது. பிறகு மலைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கால்கள் தளர்ந்தபோது அதைத் தோளில் சுமந்து ஓடினான். அவள் முன் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும், ஒரே ஒரு சொல் போதும் என்று ஓடினான். அவ்வளவு பெரிய நாய், கடைசியில் ஒரு கட்டு வைக்கோலின் கனம்கூட இல்லை.

மலைக்கோட்டையின் விளக்குகள் தெரியத் தொடங்கிய மாலையில், ஓடைக்கரையில் அதை மடியில் கிடத்தினான். நீட்டுவதற்கு அவன் கையில் அப்போது எதுவும் இல்லை. அந்த வெறுங்கையைச் சருகு மெல்ல நக்கியது. உண்ணத்தான் விலக்கு, நக்க விலக்கில்லை. நக்கிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது.

குழி மூடியபின் ஆனையப்பன் தன் வலக்கையைப் பார்த்தபடி சொன்னான்:

“சருகே, இந்தக் கை இன்று முதல் எனக்கும் அயல். உன்னை வளர்த்தவளை மீட்டு, அவள் வாயால் ‘நம்மவர்’ என்று கேட்கும்வரை, இந்தக் கையால் ஒரு பருக்கைகூட உண்ணமாட்டேன்.”

அறுந்த கழுத்துக்கயிற்றை இடக்கையில் எடுத்துக்கொண்டு, விளக்குகள் தெரிந்த திசையில் மலையேறத் தொடங்கினான்.