நினைவுக்காலம்

காந்திபுரத்தில் மூன்றாவது மாடியில் இருந்த அந்தக் கடைக்கு மிதுனா தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். விளக்கைப் போட்டு, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவாள். முன்பின் தெரியாத ஆள் யாராவது முதலில் வர வேண்டும். தெரிந்தவர் வந்தால் அன்றைய பொழுது வீண். தெரிந்தவர்களிடம் அவளால் பேச முடியாது.

அன்றைக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி, தன் குரலுக்குப் புதிதாக முன்விதி எழுதிக்கொள்ள வந்திருந்தார். அவரை உட்காரவைத்து, வெயில் எப்படி, பஸ்ஸில் வந்தாரா காரில் வந்தாரா, காய்ப்பு எப்படி என்று தேவையில்லாததையெல்லாம் மிதுனா விசாரித்தாள். மரப்பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரி குரல் கரகரவென்று வந்தது. ஆனாலும் வந்தது, அவருக்குக் கேட்டது.

“ஏனுங்க, நினைவுக்காலம் எவ்வளவு வெக்கலாங்க?”

“முதல்ல ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. சிக்கல் ஒண்ணும் வரலைன்னா அப்புறம் ஒரு மாசம். எடுத்த எடுப்புல பெருசா வெக்காதீங்க.”

“நீங்க எவ்வளவுங்க வெச்சிருக்கீங்க?”

“ரெண்டு வருசம்.”

“தொழில் தெரிஞ்சவிங்க நீங்களே ரெண்டு வருசம் வெச்சுக்கிட்டு எனக்கு மட்டும் ஒரு வாரங்கறீங்க. அதையே எனக்கும் போடுங்க.”

அப்போது சஞ்சய் உள்ளே வந்தான். பதினோரு வருடமாகப் பக்கத்து மேசை. “வா சஞ்சய்” என்று மிதுனாவின் வாய் தன்னையறியாமல் சொல்லிவிட்டது. அவன் காதைத் தொட்டுக்கொண்டு, சங்கடமாகச் சிரித்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். வியாபாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாகரிகமானவர், ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் பிரவுசர் என்று ஒன்று இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இணையதளங்கள் பக்கத்தை அனுப்பும்போதே, கண்ணுக்குத் தெரியாத சில வரிகளைத் தலைப்பில் சேர்த்து அனுப்பும். ‘என்னைப் பூட்டுள்ள வழியாக மட்டும் திற, இத்தனை நாளைக்கு இதை நினைவில் வை’ என்று ஒரு வரி இருக்கும். பிரவுசர் அதைப் பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொண்டதுதான். பிறகு பூட்டு கெட்டுப்போனால், தளத்தின் சொந்தக்காரனே வந்து கெஞ்சினாலும் திறக்காது.

போலிக்குரல் வருடங்கள் வந்தபோது இதே ஏற்பாட்டை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார்கள். யார் குரலில் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் ஊர் அல்லாடியது. வாசலில் நிற்பவனின் சட்டைப் பையிலிருந்துகூட உங்கள் தம்பியின் குரல் வரும். கடைசியில் எல்லோர் காதிலும் செவிக்காவலன் என்ற கருவி வந்து எலும்போடு எலும்பாக உட்கார்ந்தது. அது விடுவதைத்தான் காது கேட்கும். நாம் பேசும்போது குரலுக்கு ஒரு நொடி முன்னால், காதுக்குக் கேட்காத நம் முன்விதி ஓடிப்போய் எதிராளியின் காவலனிடம் சொல்லும்: ‘இவளுடைய குரல்முத்திரை இது. முத்திரை பொருந்தினால் மட்டும் உள்ளே விடு. இதை ரெண்டு வருடத்துக்கு மறக்காதே.’ முத்திரை பொருந்தாவிட்டால் காவலன் குரலை அடைத்துவிடும். கேட்பவர் காதில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ‘பரவாயில்லை, விடு’ என்று சொல்லக் கேட்பவருக்கும் உரிமை கிடையாது. அந்த உரிமையைக் கொடுத்தால் ஏமாற்றுகிறவன் அதைத்தானே முதலில் கேட்பான்.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு இதையெல்லாம் எழுதிக்கொடுத்தவள் மிதுனா. நினைவுக்காலத்தைச் சிறிதாக வைத்து, போகப் போக ஏற்று. குரல் கெட்டுப்போனால் உதவ, மாற்று முத்திரை ஒன்றைத் தனியாக எடுத்து வை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் இதை ஒப்பிப்பாள். தனக்கென்று வந்தபோது இரண்டையும் செய்யவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் அம்மா சுகன்யா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அப்பா பூபதிக்கு மிதுனாவின் குரலில் ஒரு அழைப்பு வந்தது. அம்மாவை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டோம், அங்கே வாருங்கள் என்றது. சர்க்கரை வியாதியில் பார்வை போன மனிதர், டாக்சி பிடித்து ஊரின் அந்தக் கோடிக்குப் போய் ஒவ்வொரு வார்டாக விசாரித்துக்கொண்டிருந்தார். இங்கே சுகன்யாவின் உயிர் போய்விட்டது. எவன் செய்தான், எதற்குச் செய்தான் என்று இன்றுவரை தெரியாது. அந்த வருடங்களில் பல பேர் வெறும் விளையாட்டுக்கே இதைச் செய்தார்கள். காரியம் முடிந்த கையோடு மிதுனா தன் முன்விதியைத் திறந்து, சட்டம் அனுமதிக்கிற அதிகபட்சக் காலத்தை வைத்தாள். மாற்று முத்திரை இருந்தால் அதையும் எவனாவது திருடுவான் என்று அதை அழித்தாள். கோபத்தில் செய்த வேலை. தப்பில்லாமல் செய்தாள், அதுதான் பிரச்சினை.

ஒன்பது மாதம் கழித்து அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குரல் மட்டும் வேறாகிவிட்டது. புது முத்திரை போட வேண்டுமென்றால் பழைய குரலில் ஒப்புதல் சொல்ல வேண்டும். அந்தக் குரல் இனி இல்லை.

ஆக, அவளை ஒருமுறையாவது கேட்டிருந்த எல்லோருக்கும் அவள் ‘டொக்’ ஆனாள். அவளைக் கேட்டே இராதவர்களின் காவலன்களுக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. குரலோடு பொருந்தாத முன்விதியை அவை பிடித்துக்கொள்ளாமல், ‘அறிமுகமில்லாத குரல், கவனம்’ என்று ஓர் எச்சரிக்கையோடு உள்ளே விட்டுவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கு அவள் கேட்பாள், கூடப் படித்த தோழிக்குக் கேட்க மாட்டாள். தோழிகள் கொஞ்ச நாள் எழுதிப் பேசினார்கள். எழுத்தில் எத்தனை நாளைக்குத்தான் வம்பு பேச முடியும்? ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவால் எழுதியதைப் படிக்க முடியாது.

பூபதிக்கு எழுபத்தெட்டு வயது. நினைவுக்காலம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு சளிக்கும் மார்பு அடைத்துக்கொள்கிற மனிதருக்கு ஒரு வருடம் என்பது நிச்சயமில்லாத கணக்கு. மிதுனாவின் பயமெல்லாம் அதில்தான் இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமலேயே அவரை அனுப்பிவைக்க வேண்டி வந்துவிடுமோ என்று.

“டொக்கு டொக்குங்குது அம்மணி. திட்டறயாக்கும்?” என்பார் அவர், கையில் தட்டோடு. அவள் சோற்றைப் பிசைந்து கொடுத்துவிட்டு, திட்டத்தான் செய்வாள். இதமாகவும் பேசுவாள், அழவும் செய்வாள். அவருக்கு எல்லாமே ஒரே டொக்.

அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க பெனிட்டா வந்த பிறகு வீடு கொஞ்சம் பேச ஆரம்பித்தது. பாளையங்கோட்டைக்காரி, புது ஆள். மிதுனா சொல்வது அவளுக்குக் கேட்கும், அவள் சொல்வது பூபதிக்குக் கேட்கும்.

“ஐயா, காரத்தக் குறைச்சுக்கிட்டு மோர் குடிப்பீங்களாம், மிதுனா சொல்லுதாவ.”

“அவ இத்தன மரியாதையாவா சொன்னா?”

“இல்ல. ‘அந்த ஊறுகாய் பாட்டில தூக்கிக் கிணத்துல போடப் போறேன்’னாவ.”

“ஆங், இப்பத்தான் என்ர புள்ள” என்று பூபதி சிரித்தார். மிதுனாவும் சிரித்தாள். அது பெனிட்டாவுக்கு மட்டும் கேட்டது.

ஒருநாள் மாலைப் பயிற்சியின்போது பெனிட்டா வெள்ளந்தியாகச் சொன்னாள்: “எங்க சித்தி ஒருதடவ காவலன முழுசா துடைச்சிட்டாவ, ஐயா. எல்லாத்தையும் மறந்து புதுசு மாதிரி ஆயிட்டு. நீங்களும் துடைச்சிட்டா மிதுனா உங்களுக்குப் புது ஆளுதான? கேக்கும்லா?”

மிதுனா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். “சொல்லாதீங்க, பெனிட்டா! அதப் பத்தி அப்பாகிட்ட பேசாதீங்க!”

பூபதிக்கு டொக் டொக் என்று கேட்டது. “எதுக்கு இந்தத் தட்டுத் தட்டறா?” என்றார். பெனிட்டா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவர் கேட்டாகிவிட்டது.

மிதுனாவுக்கு இந்த வழி முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தாள். ஒரே ஒருவரை மட்டும் மறக்கச் சொன்னால் காவலன் மறக்காது. ஏமாற்றுக்காரர்கள் அதைப் பயன்படுத்துவார்கள் என்று தடை செய்திருந்தார்கள். துடைத்தால் மொத்தமாகத் துடைக்க வேண்டும். அப்பாவின் காவலனுக்குள் அம்மா இருந்தாள்.

இரண்டே வாக்கியங்கள்தான். சுகன்யா உயிரோடு இருந்தபோது, தினமும் இரவு எட்டு மணிக்கு அவர் காதில் ஒலிக்கும்படி சொல்லிவைத்தது. முதலில், “மாத்திரை போட்டாச்சா?” கால் மணி நேரம் கழித்து, “பொய் சொல்லாதீங்க, போடுங்க.” முதல் கேள்விக்குப் புருஷன் என்ன பதில் சொல்வார் என்று சுகன்யாவுக்குத் தெரியும். அவளும் ஏமாந்தவள் இல்லை.

அதைப் பிரதி எடுக்கவும் வழியில்லை. ‘என் குரலை எங்கும் நகல் எடுக்கக் கூடாது’ என்று சுகன்யாவின் முன்விதியில் இருந்தது. எழுதியவள் மிதுனா.

சில நாட்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை பூபதி பெனிட்டாவை, கொஞ்சம் தாமதமாகப் போங்க என்று நிறுத்திவைத்தார். எட்டு மணிக்குத் தலையை இடது பக்கம் சாய்த்தார். எப்போதும் அப்படித்தான் சாய்ப்பார், யாரோ தோளருகில் குனிந்து பேசுகிற மாதிரி.

“போட்டாச்சு, சுகன்யா” என்றார். மாத்திரை டப்பா திறக்காமல் மேசையில் இருந்தது. மூவரும் காத்திருந்தார்கள். கால் மணி கழித்து மறுபடி தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அன்றைக்கு முதல்தடவையாக அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

“பொய் சொல்லாதீங்க, போடுங்க. அப்படீங்கறா.” மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். “பெனிட்டா, நீங்க சாட்சிக்கு இருங்க. நாந்தான் சொல்றேன், வேற யாரும் சொல்லல.” காதுக்குப் பின்னால் விரலை அழுத்தினார். “எல்லாத்தையும் மறந்துரு.”

“வேண்டாங்கப்பா!” மிதுனா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா போயிருவாங்கப்பா! ஒரு வருசந்தான், நான் பொறுத்துக்கறேன். வேண்டாங்கப்பா, வேண்டாங்கப்பா…”

“ஐயா, வேண்டாம்னு சொல்லுதாவ” என்றாள் பெனிட்டா.

“தெரியுதுங்க. இந்தத் தட்டுத் தட்டினா வேற என்னத்தச் சொல்லுவா.” அவர் விரலை எடுக்கவில்லை. “கதவத் தட்டறவிங்க உள்ள வர்றதுக்குத்தான் தட்டறாங்க. நான் எத்தன நாளைக்குத் தொறக்காம உக்காந்திருக்கறது?” காவலன் அவரிடம் எதையோ கேட்டது. “ஆமா” என்றார். மறுபடி கேட்டது. “ஆமா.” மூன்றாவது முறை அவர் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆனது. “ஆமா” என்றார்.

துடைப்பு முடிந்தது. எத்தனையோ மாதமாக அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று மிதுனா சேர்த்துவைத்திருந்தது கொஞ்சநஞ்சமில்லை. ஒன்றுகூட வரவில்லை. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

பூபதி காத்திருந்தார். முகம் மெல்ல மாறியது.

“அம்மணி? டொக்குகூடக் கேக்கலயே.” கைகள் காற்றில் தேடின. “ரெண்டும் போச்சா? அவளும் போயி, நீயும் போயிட்டயா?”

“இருக்கேனுங்கப்பா.”

“அறிமுகமில்லாத குரலுங்குது இந்தச் சனியன்” என்றார் பூபதி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “அறிமுகமில்லாத குரலாமா! என்ன அம்மணி இது, தொண்டையில மண்ணு போட்ட மாதிரி கரகரங்குது?”

“மீசையத் தொடைங்க முதல்ல. ரசம் ஒட்டியிருக்குது.”

அன்றைக்கு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அவள் என்ன சொன்னாலும் காவலன் ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து எச்சரித்தது, அவர் ஒவ்வொரு முறையும் அதைத் திட்டினார். பெனிட்டா எப்போது கிளம்பினாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. மிதுனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் மாலை அவள் கடையிலிருந்து வந்து, அந்தத் தேங்காய் வியாபாரி மறுபடி வந்ததையும், எப்படியோ பேசி ஒரு வாரத்துக்கே சம்மதிக்கவைத்ததையும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே தோசை வார்த்தாள். பூபதி நாற்காலியில் இருந்தபடி குறுக்குக் கேள்வி கேட்டார். பிறகு திடீரென்று கேள்வி நின்றது. மிதுனா திரும்பிப் பார்த்தாள். எட்டு மணி. அவர் தலையை இடது பக்கம் சாய்த்திருந்தார்.

“போட்டாச்சு, சுகன்யா” என்றார், பழக்கத்தில்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையை நிமிர்த்தவில்லை. அப்படியே சாய்த்தபடி, இரண்டாவது வாக்கியத்துக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தார். தோசைக்கல்லில் தோசை கருகியது. மிதுனாவால் இப்போது எதை வேண்டுமானாலும் பேச முடியும், அவருக்குக் கேட்கும். அம்மாவின் அந்த இரண்டாவது வாக்கியம் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

பூபதி மேசையைத் துழாவி டப்பாவைத் திறந்து, மாத்திரையைத் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார்.