மூன்றாவது அழைப்பு

ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருந்தும், துயெனின் ஹெட்போனில் எவரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சேற்றில் முகம் புதைந்தவர் விடுவதைப் போன்ற, குமிழிகள் நிறைந்த மூச்சு. விமானத்தின் வயிற்றுக்குள் அடைத்து வைத்த அந்தச் சிறிய ஒலிபரப்பு அறையில், இரண்டாயிரம் அடி உயரத்தில், சதுப்பு மண் நாறியது.

"யாரோ மூச்சு விடுறாங்க," என்றாள்.

"என் பொண்டாட்டியாத்தான் இருக்கும். வானத்துக்கு வந்தாலும் விடமாட்டா," என்று சிரித்தான் ஒலிப்பெட்டியை இயக்கும் சுங்.

கேப்டன் லாப் சிரிக்கவில்லை. "தங்கச்சி, தம்பியக் கூப்பிடு. கீழ எதிரிங்களோட இருந்து என்னத்தக் கண்டான்? வெளிய வந்தா உசுரோட வீட்டுக்குப் போவான். நீ பேசுற வரைக்கும் ஒரு குண்டு வெடிக்காது. இது என் வாக்கு."

கீழே, எதிரிகள் பதுங்கியிருந்த ஊமின் சதுப்புக் காடு மழையில் நனைந்து கிடந்தது. அவள் ஒலிவாங்கியைத் திறந்தாள்; விமானத்தின் அடியிலிருந்த ஒலிபெருக்கி அவள் குரலைக் காட்டின் மேல் கொட்டியது.

"டேய் கோய்! அக்காடா. வெளிய வாடா."

சவலை என்று பொருள்படும் அந்தப் பெயரை, பேய்களின் கண் பட்டுவிடாதிருக்கவே அம்மா வைத்திருந்தாள். துயென் இரண்டாம் முறையும் அழைத்தாள். அத்துடன் ஒலிவாங்கியிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை," என்றார் கேப்டன்.

"வேணாம் சார். எங்க ஊர்ல கூரை மேல ஏறி, சட்டைய வீசி, மூணு தடவ கூப்பிடுறது செத்தவங்களத்தான்."

"படிச்சவதானே நீ? கூப்பிடு."

"கோய்!"

விமானம் மர உச்சிகள் வரை தாழ்ந்தது. மரங்களுக்கிடையிலிருந்து ஒல்லியான ஓர் உருவம் வெட்டவெளிக்கு ஓடி வந்தது. தன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசியது. அவள் சன்னலில் முகம் பதித்து, சிரித்து, அழுது, "அங்கயே நில்லுடா" என்று பேசிக்கொண்டேதான் இருந்தாள். அவள் பேச்சு முடியவில்லை. விமானத்தைப் பின்தொடர்ந்து வந்த ராணுவ ஹெலிகாப்டர் சுட்டது. சட்டை பிடித்த கை முதலில் தெறித்தது. பிறகு தாடை. பிறகு மார்பு. சதுப்பு நீர் சிவந்தது.

"வாக்குக் குடுத்தியே, நாயே!"

கேப்டன் பதிலளிக்குமுன் ஹெட்போன் பேசியது.

"அக்கா. வந்துட்டேன்க்கா."

கழற்றி எறிந்தாள். ஒலிபெருக்கி பேசியது. "வந்துட்டேன்க்கா." இது வேறு தொண்டை. பின்னர் ஒரு கிழவனின் தொண்டை. பின்னர் ஒரு குழந்தையின் தொண்டை. அழைத்தபோது, எந்த ஊர்க் கோய், எவர் மகன் என்று அவள் சொல்லவில்லை. அந்நாட்டில் வீட்டுக்கொரு கோய் உண்டு. புதைக்க ஆளின்றி அந்தக் காட்டில் அழுகியவர்கள் எத்தனை பேரோ!

சுங் கம்பிகளைப் பிடுங்கினான். குரல்கள் நிற்கவில்லை.

விமானத்தின் தரையிலிருந்த கதவை வெளியிலிருந்து எவரோ தட்டினார்கள்.

ஒருமுறை.

மறுமுறை.

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. மூன்றாம் தட்டு.

கதவு திறந்தது. காற்று வரவில்லை. சேறு வழிந்தது. கையற்ற ஒரு மணிக்கட்டு விளிம்பில் கொக்கியாக மாட்டிக்கொண்டது. தாடையில்லாத முகம் அவளைப் பார்த்து எழும்பியது. அவன் கணுக்காலை ஒருவன் பற்றியிருந்தான். அவன் காலை இன்னொருவன். அவனை இன்னொருவன். விமானத்தின் வயிற்றிலிருந்து காடு வரைக்கும் ஒரே சங்கிலியாகத் தொங்கி, அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.