தடை கடிக்கும்

மெல்லும் ஓசை நின்றுபோயிருந்தது.

குளிர்கால மாலையில் அந்த லாயத்துக்குள் நுழைகிறவர் செவியில் முதலில் விழுவது அதுதான். நடைவழியின் இருபுறமும், கட்டைக் கதவுகளுக்குப் பின்னே நின்று குதிரைகள் காய்ந்த புல்லை அரைக்கும் ஓசை. மழை ஓய்ந்த பின் கூரை சொட்டுவதைப் போன்ற, சோம்பலும் சீரும் கலந்த ஓசை. அது கேட்டால் எல்லாம் நலம் என்று பொருள். அன்று அது இல்லை. தண்ணீர் வாளியோடு வாசலிலேயே நின்றுவிட்ட இளையவள், தன் மூச்சு வெண்புகையாக மேலெழுவதைக் கண்டாள்; அந்தப் புகைக்கு அப்பால், புல் நிரம்பிய வலைகள் தொடப்படாமல் தொங்குவதையும் கண்டாள். பசி இருந்தது, வயிறுகள் இரைவது கேட்டது. ஆயினும் ஒரு தாடையும் அசையவில்லை. வியர்வை சீக்கிரம் காய்வதற்காக முடி மழிக்கப்பட்டு, மழித்த தோலின்மேல் கனத்த போர்வை போர்த்தப்பட்டு நின்ற அத்தனை குதிரைகளும், கழுத்தை ஒரே பக்கம் திருப்பி, சுவருக்கு அப்பால் இருந்த பயிற்சிக் கூடத்தை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தன.

கூடத்தில் அப்போது யாரும் இல்லை.

"என்ன தங்கச்சி, எல்லாரும் கோவிச்சுக்கிட்டு உண்ணாவிரதமா?" என்றபடி லாடக்காரர் உள்ளே வந்து பெட்டியைத் தரையில் வைத்தார். வரிசையில் முதலாவதாக நின்ற கரியனின் பக்கத்தில் குனிந்து, முன்காலைத் தட்டினார்.

தட்டியது ஒரு காலை. எழுந்ததோ அத்தனை குதிரைகளின் காலும்.

ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்கு, ஒரே பக்கத்து முன்கால். அவர் திகைத்துக் கையை எடுத்தார். அத்தனை குளம்பும் ஒன்றாகத் தரையில் இறங்கின. பெரியதொரு கதவை யாரோ ஒருமுறை தட்டியதைப் போலிருந்தது.

"மாஸ்டர் அணிவகுப்பு பழக்கியிருக்காரா?"

"அண்ணன் எதையும் பழக்குவாரு."

"அப்ப என்னையும் இங்க சேத்துவிட்டுடணும்னு என் வீட்டுக்காரி சொல்வா. ஒரு தட்டுக்கு ஒரு காலைத் தூக்குற ஆளு கெடைச்சா அவளுக்கு நிம்மதி." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதி வழியில் நின்றது. வரிசை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "வெளிச்சம் பத்தல. நாளைக்குப் பகல்ல வந்து அடிச்சுக்கறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓடவில்லை என்று காட்டுவதற்காகவே மெதுவாக நடந்து, வாசலைத் தாண்டியதும் ஓடினார்.

இளையவள் சீனியின் கொட்டடிக்குள் சென்று முழங்காலிட்டாள். வெள்ளைப் பெட்டை, பிறந்த ஈரம் காயுமுன் அவள் மடியில் தலை வைத்தது. முன்காலின் துணிக்கட்டை அவிழ்த்தாள். எலும்பின்மேல் தோல் பொங்கி, பளபளத்து, அடுப்பில் வைத்த கல்லாகச் சுட்டது.

அந்த வீக்கத்தை உண்டாக்கியவன் மூத்தவன், அவளுடைய அண்ணன், ஊரார் வாயில் மாஸ்டர். வசந்தத்தில் போட்டி. முதலில் அழகு நடை, அடுத்து காடு மேடு கடக்கும் ஓட்டம், கடைசியில் தடை தாண்டுதல். மூன்றுக்கும் ஒரே குதிரை, ஒரே ஆள். அதற்காகவே குளிர்காலம் முழுவதும் மேட்டுச் சாலையில் ஏற்றி இறக்கி எலும்பை உரமாக்குவார்கள், மூச்சை நீளமாக்குவார்கள். அதுவரை நியாயம். அதன்பிறகு கூடத்தின் கதவு சாத்தப்படும். தடையின் ஓரத்தில் ஆளுயரப் பலகை மறைப்பு. மறைப்புக்குப் பின்னே மூத்தவன். மூத்தவன் கையில் இரும்புக் கம்பி செருகிய மூங்கில் கழி. "மேலே!" என்பான். குதிரை தாவும். தாவிய நொடியில் கழி எழுந்து முன்கால் எலும்பில் விழும்.

"அடிக்கிறது யாருன்னு அதுக்குத் தெரியவே கூடாது," என்பான். "தடை கடிக்குதுன்னு நம்பணும். அப்பத்தான் அடுத்த தடவை காலை மடக்கி இன்னும் உயரத் தாண்டும்."

எவ்வளவு பழைய வித்தை! அடிப்பவன் பலகைக்குப் பின்னால். அடிபட்டது தன் கால்களை நொந்துகொண்டு நிற்க, கோப்பை மட்டும் வெளிச்சத்தில் மின்னும்! கொடுமைக்குக் கோட்டு மாட்டிவிட்டால் அதன் பெயர் பயிற்சி. குருதிக்கு மெருகு பூசிவிட்டால் அதன் பெயர் சாதனை. இளையவளும் அந்த நாடகத்தில் பாத்திரம் ஏற்றவள்தான். வசந்தத்தில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டால் சீனி இறைச்சி வண்டியில் ஏறும் என்று மூத்தவன் சொல்லியிருந்தான். ஆகவே, அதைக் காப்பாற்றுவதற்காக, அதன் முதுகில் அமர்ந்து, குதிகாலால் அழுத்தி, அடி காத்திருந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். அன்பினால் செய்தாள். அன்பினால் செய்ததாலேயே தவறாமல் செய்தாள்.

இன்று அந்த நாடகத்தை முடித்துவிடுவது என்று வந்திருந்தாள்.

மூத்தவன் கையுறையை இழுத்துவிட்டபடி நடைவழியில் வந்தான். கையில் கழி.

"சீனியை ஏன் இன்னும் வெளிய எடுக்கல?"

"அண்ணா, இனிமே அதுக்குக் கழி வேண்டாம்."

"யாரு, டாக்டர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"நீயா? ஜெயிச்சா மேடையில ஏறி நிக்கறது யாரு? நீ. பூங்கொத்தை வாங்கிக்கிட்டுப் பல்லைக் காட்டறது யாரு? நீ. அழுக்கு மட்டும் என் கையில இருக்கணுமாக்கும்!"

"கால் வெந்துக்கிட்டிருக்கு. தொட்டுத்தான் பாரேன்."

"வெந்தாத்தான் பதம் வரும். நகரு."

அவள் நகரவில்லை. கொட்டடிக் கதவின் குறுக்கே கையை நீட்டி நின்றாள். அவன் புறங்கையால் அறைந்தான். அவள் வாய் இரும்புத் தாழ்ப்பாளில் மோதி உதடு கிழிந்தது. கீழே விழுந்தவளைத் தலைமுடியைப் பற்றி இழுத்துச் சென்று சேண அறைக்குள் தள்ளினான். "புத்தி வர்றவரைக்கும் இங்கயே கெட." தாழ்ப்பாள் விழுந்தது. சீனியின் குளம்புகள், ஒன்று மட்டும் தயங்கித் தயங்கி, கூடத்தை நோக்கி நடந்தன.

சேண அறைக்குச் சன்னல் இல்லை. தோலும் மெழுகும் பழைய வியர்வையும் கலந்த மணம். சுவரில் வரிசையாகத் தொங்கிய கடிவாளங்கள், முகங்கள் உருவி எடுக்கப்பட்ட பின் எஞ்சிய கயிறுகளைப் போல் இருளில் அசைந்தன. அவள் வாயில் உப்பும் இரும்பும் ஊறின. பின்சுவருக்கு அப்பால் கூடம். காதை வைத்தாள். ஆளை ஏற்றாமல் நீள்கயிற்றில் ஓட்டப்பட்ட குளம்பொலி, மணலில் வட்டமிட்டு நெருங்கியது. "மேலே!" கழியின் ஓசை. கனைப்பாக வெளிவராமல் நெஞ்சுக்குள் உடைந்த ஓர் ஒலி. மறுபடியும் வட்டம். "மேலே!" மறுபடியும் கழி. அவள் சுவரைக் குத்தினாள், பெயர் சொல்லி அலறினாள், யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வட்டம் வந்தது. குளம்பொலி தடைக்கு முன்னே நின்றது.

"மேலே!"

ஒன்றும் நடக்கவில்லை.

"ஏய்... என்னைப் பாக்காதே. முன்னால பாரு. தடையைப் பாரு."

அந்தக் குரலில், வாழ்நாளில் முதன்முறையாக, அண்ணனின் பயத்தைக் கேட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கண்ணாடிகள்! அழகு நடை பழகும்போது முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொள்வதற்காக, இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில்தான் கூடத்தின் நீண்ட சுவர் முழுவதும் மூத்தவன் ஆளுயரக் கண்ணாடிகள் பதித்திருந்தான். முன்புறத்தைப் பலகையால் மறைத்தவன், பின்புறத்துச் சுவரை மறந்துவிட்டான். தடையை நோக்கி ஓடிவரும்போதெல்லாம் சீனி தலையைச் சாய்த்துக் கண்ணாடியையே நோக்கியதை அவளும் பார்த்திருக்கிறாள். "அழகு பாக்கறா பாரு" என்று சிரித்தும் இருக்கிறாள்.

அழகு பார்க்கவில்லை. பலகைக்குப் பின்னே கழி ஓங்கி நின்ற மனிதனைப் பார்த்தது. ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு குதிரையும்.

லாயத்துப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் விலகியது.

பிறகு இன்னொன்று. அடுத்தது. அடுத்தது. இரும்பின்மேல் ஈர உதடுகள் உராயும் ஓசை. கதவுகள் முனகின. குளம்புகள் நடைவழியில் இறங்கின. ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் முட்டிக்கொள்ளவில்லை. போர்வை ஓரங்கள் அவள் கதவை உரசிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, கூடத்தை நோக்கிப் போயின.

"போ! லாயத்துக்குப் போ! யாரு தொறந்துவிட்டது? ஏய்!"

ஒரு மோதல். மரம் பிளக்கும் ஒலி. மனிதக் குரல். நெடுநேரம்.

பிறகு கழியின் ஓசை. சீராக. இடைவெளிவிட்டு. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் மணலில் ஓட்டம் கேட்டது. குளம்பின் ஓட்டம் அன்று. இரண்டு கால்.

அவள் காதை எடுத்துவிட்டாள். அப்போதும் கேட்டது.

சேண அறையின் தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது. கரியன் நின்றது. அதன்மேல் போர்வை இல்லை. மழித்த கருந்தோலில் ஆவி பறந்தது. அவளைப் பாராமல் ஒதுங்கி வழிவிட்டது. லாயத்து வாசலை நோக்கி ஓட அவள் ஓரடி வைத்தாள். அது குறுக்கே வந்து நின்றது. கோபமில்லாமல், சுவரைப் போல. எஞ்சிய திசை ஒன்றுதான். அவள் நடந்தாள். அது அவள் முதுகில் மூச்சு விட்டபடி பின்னால் வந்தது.

கூடத்தில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. குதிரைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஒரு சந்து அமைத்திருந்தன. சந்தின் முடிவில் தடை. சந்தின் தொடக்கத்தில் அண்ணன்.

அவன் தலையில் முடி இல்லை. முடி இருந்த இடமெல்லாம் சிவப்பு. பற்களால் மழித்திருந்தன. கழுத்தையும் மார்பையும்கூட. மழித்து முடித்த பின், குளிரும் என்று, கரியனின் போர்வையை அவன்மேல் போர்த்தியிருந்தன.

ஒரு முகவாய் அவன் முதுகைத் தொட்டது. அவன் ஓடினான். அந்தக் கால்களால் ஓட முடியாது, ஆனாலும் ஓடினான். முழங்காலுக்குக் கீழே கால்சட்டை இல்லை, தோலும் இல்லை. வெள்ளையாக எலும்பு. தடையின்முன் வந்து தாவினான். பலகை மறைப்பின் மேல்விளிம்பில் இரண்டு வெள்ளைக் காதுகள் நிமிர்ந்தன. கழி எழுந்தது. விழுந்தது.

அவன் மறுபக்கம் விழுந்து, எழுந்து, திரும்பிப் பார்த்தான். மறைப்பை அல்ல. காதுகளை அல்ல. தடையை.

"கடிக்குது," என்றான் தங்கையிடம், குழந்தை முறையிடுவதைப் போல. "அந்தக் கட்டை கடிக்குது, பாப்பா."

மீண்டும் சந்தின் தொடக்கத்துக்குத் தானாகவே நடந்தான்.

மறைப்புக்குப் பின்னாலிருந்து சீனி நொண்டியபடி வெளியே வந்தது. அது விட்ட இடத்தில் கரியன் போய் நின்று, கழியைப் பற்களால் எடுத்துக்கொண்டது. சீனி இளையவளின் அருகில் வந்தது. கிழிந்த உதட்டை முகர்ந்தது. குருதியை நக்கித் துடைத்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வா, போயிடலாம். சீனி, வா, போயிடலாம்." அது பொறுமையாக நின்றது. பிறகு அவள் பின்கழுத்துச் சட்டையைப் பற்களால், தோலில் படாமல், மென்மையாகப் பற்றியது.

மணலில் குளம்புகள் பதித்த வட்டத்தின் ஓரத்துக்கு அவளை அழைத்துச் சென்றது. நடத்தியது. முதலில் இடப்பக்கமாக, பிறகு வலப்பக்கமாக. ஓடவிடவில்லை. உடம்பு சூடேறுமுன் ஓடினால் தசை கிழிந்துவிடும். அவள் தடுமாறியபோது நின்றது. அவள் நிமிர்ந்தபின் நடந்தது. கூடத்தின் நடுவே இளங்குதிரை ஒன்று மூக்கால் கட்டையைத் தள்ளித் தள்ளி, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வைப்பதைப் போல, மிகவும் தாழ்த்தி வைத்துக்கொண்டிருந்தது.