ஷெர்வினின் பய பல்ப்

மாஹிராவுக்கு எதையும் லேசில் நம்புகிற பழக்கம் இல்லை. பால்காரர் 'சுத்தமான பால்' என்று சொன்னாலும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு தெர்மாகோல் மூளையை நம்பிவிட்டாள். அறிவியல் கண்காட்சிக்காக அவளும் ஷெர்வினும் கைடைப் பார்த்துச் செய்தது அது. மூன்று சுவிட்ச், மூன்று பல்ப். 'பயம்' சுவிட்சைத் தட்டினால் பய பல்ப் மட்டும் எரியும். கோபத்துக்கு ஒன்று, சந்தோஷத்துக்கு ஒன்று.

தாம்பரம் பள்ளிக்கூட ஹாலில் நடுவர் இரண்டு மேஜை தள்ளி வந்துவிட்டார். விளக்கிச் சொல்ல வேண்டிய ஷெர்வினோ மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"டேய், வெளியே வாடா!"

"முடியாது. நெஞ்சு படபடங்குது. கையெல்லாம் வேர்க்குது. மூளையில பய பல்ப் எரிஞ்சிடுச்சு, இனிமே அணையாது. நீயே பேசு."

"என் தொண்டையைப் பார்த்தியா?" ஜலதோஷத்தில் அவள் குரல் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் வந்தது.

அவன் பேசாவிட்டால் ஒரு மாத உழைப்பு வீண். திட்டத்தான் குனிந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

"போன டிசம்பர்ல கேரல்ஸ் பாட வந்தீங்களே, நீ கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு எங்க தெருவுல ஆடினியே. அப்போ நெஞ்சு எப்படி இருந்துச்சு?"

"டிரம்ஸ் மாதிரி அடிச்சுச்சு. வேர்த்து வேர்த்து பஞ்சுத் தாடியே நனைஞ்சுபோச்சு."

"பயந்தியா?"

"சே! செம ஜாலி!"

"அதே நெஞ்சு, அதே வேர்வை. அன்னைக்கு ஜாலி, இன்னைக்கு பயமா? நெஞ்சையும் பார்த்து, இடத்தையும் பார்த்து, பழசையும் நினைச்சுதானே மூளை ஒரு முடிவுக்கு வருது? ஒத்தை பல்ப் செய்யற வேலையாடா இது?"

மேஜைக்கு அடியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. "அப்போ கைடு தப்பா?"

"அதை எழுதினவருக்கு என்ன அவசரமோ!"

மாஹிரா ஒயர்களைப் பிரித்து ஒன்றாக முறுக்கினாள். இப்போது எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் மூன்று பல்பும் எரிந்தன.

நடுவர் டாக்டர் ஞானஜோதி வந்து நின்றார். "மூளையில பயத்துக்கு எது இடம், தம்பி?"

வெளியே வந்து நின்ற ஷெர்வினின் குரல் நடுங்கியது. ஆனாலும் வந்தது. "தனி இடம் கிடையாது மேடம். நிறைய இடம் சேர்ந்துதான் வேலை செய்யுது. இப்போகூட எனக்கு நெஞ்சு படபடங்குது. ஆனா கேரல்ஸ்ல ஆடும்போதும்..." பஞ்சுத் தாடி கதையை முழுசாகச் சொல்லி முடித்தான்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பெரியவங்களே நிறைய பேர் ஒரு உணர்ச்சிக்கு ஒரு இடம்னு நினைச்சுட்டிருக்காங்க. நீங்க யோசிச்சிருக்கீங்க."

அவர் நகர்ந்ததும் ஷெர்வின் துள்ளினான். "மாஹிரா, நமக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ்! மறுபடியும் படபடங்குது. இதுக்கு என்ன பேரு?"

"முதல்ல பிரைஸ் கைக்கு வரட்டும். அப்புறம் பேர் வைக்கலாம்."