ஆறு மாத விலக்கு

உதிரமணி அடித்த கால் மணி நேரத்தில் பொன்னரசுவின் பச்சை குத்தும் கடையில் ஐந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். செவ்வாய்க் கிரகத்தில் செங்கூடம் என்ற அந்தக் குடியிருப்பில் இது வாடிக்கைதான்.

ஈரலா, சிறுநீரகமா, கேட்டதை அச்சடித்துக் கொடுக்கிற காலம். பாழாய்ப்போன ரத்தம் மட்டும் இன்னும் மனித உடம்பில்தான் ஊறவேண்டியிருந்தது. காசுக்கு வாங்கினால் நோயை மறைத்து விற்கிறார்கள் என்று அதற்குத் தடை. ஆகவே, ஆளுக்கொரு உதிரமணியை மணிக்கட்டுத் தோலுக்கடியில் பதித்திருந்தார்கள். யாருக்காவது ரத்தம் தேவையென்றால், பொருந்துகிறவர்களின் மணி அடித்துச் சிவப்பாக எரியும்; யாருக்கு என்று மட்டும் சொல்லாது. கொடுப்பது அவரவர் விருப்பம். மறுத்தால் தண்டனை ஒன்றும் கிடையாது. நாள் முழுக்க எரியும், அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அதற்குத்தான் பொன்னரசு இருந்தான். புதிதாகப் பச்சை குத்தியவர்கள் ஆறு மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. ஊசி பட்டதும் மணி கப்சிப்.

நான்கு பேருக்குக் குத்தி அனுப்பிவிட்டான். ஐந்தாவதாக உட்கார்ந்தவள் பசுங்கூடத்தில் கீரை வளர்க்கும் சகாயராணி.

"கடுகளவு புள்ளி போதும்ண்ணே. கொடுக்கக் கூடாதுன்னு இல்ல. யாரு எவருன்னே தெரியாம எப்படி?"

"அதானே! நம்ம ரத்தம் என்ன குழாய்த் தண்ணியா?" என்று பொன்னரசு ஊசியை எடுத்தான்.

சுவர்த்திரையில் மருத்துவமனையின் எந்திரச் செவிலி தோன்றியது. "உங்கள் மகள் இசைநிலாவுக்குப் பனிச்சுரங்கத்தில் விபத்து. ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும். இங்கே அந்த வகையில் ஐந்தே பேர். நால்வர் சற்றுமுன் பச்சை குத்திக்கொண்டார்கள்."

"ஐயோ! என் ரத்தத்த எடுத்துக்குங்க!"

"உங்களுடையது பி பாசிட்டிவ். பொருந்தாது."

ஊசி கீழே விழுந்தது. அந்த நால்வருக்கும் குத்திய கைகளைக் கூப்பினான்.

"ராணி... அது எம்பொண்ணும்மா."

"அடக் கடவுளே! உங்க பொண்ணுக்கா? மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே!" என்று அவள் எழுந்து ஓடினாள். பின்னாலேயே அவனும் ஓடினான்.

நல்லவேளை, ஒரு பை ரத்தமே போதுமாயிருந்தது. இசைநிலா பிழைத்துக்கொண்டாள். "நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்மா" என்று ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு பொன்னரசு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது அவனுடைய மணிக்கட்டில் மணி அடித்தது. பழைய பச்சைக்கு ஆறு மாதம் கடந்திருந்தது; வேலை மும்முரத்தில் தன் கையில் புதிதாகக் குத்திக்கொள்ள மறந்தே போயிருந்தான். செவிலி எதிரே வந்து நின்றது.

"பி பாசிட்டிவ் ஒருவருக்குத் தேவைப்படுகிறது. கொடுக்கிறீர்களா?"

பொன்னரசு சட்டைக் கையை மெல்ல இழுத்து மணியை மூடினான்.

"யாருக்கு?"

"உங்கள் மகளுக்காகக் கூப்பிட்டபோது அந்த நால்வரும் இதையேதான் கேட்டார்கள்" என்றது செவிலி.