நரிக்கால் ஓடையில் முப்பத்தொரு சதவீதம்

"படமெல்லாம் எடுக்க வேணாம்ணே. எங்கப்பாவத் தேடிக் குடுங்க!"

மணப்பெண் சுகந்தி வாசலிலேயே வழிமறித்து இப்படிக் கேட்பாள் என்று ஜெகபர் எதிர்பார்க்கவே இல்லை. முத்துப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுப்பதில் அவன் கில்லாடி. அன்றைக்கு நலங்கு. அதைப் படம் பிடிக்கத்தான் உதவிக்கு ஸ்டெல்லாவையும், பெட்டியில் ஒரு டிரோனையும் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே கரையூருக்கு வந்திருந்தான். வந்து பார்த்தால் பந்தல் இருக்கிறது, வாழைமரம் இருக்கிறது, ஒருத்தர் முகத்திலும் களை இல்லை!

விஷயம் இதுதான். சுகந்தியின் அப்பா நாகூரான் முந்தின நாள் விடிகாலையில் தன் சின்ன வள்ளத்தில் தனியாக நண்டு பிடிக்கப் போனார். மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு நண்டு போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம். அதற்கு அப்புறம் யார் சொன்னாலும் அந்த மனுஷர் கேட்பாரா? கொண்டுபோனது ரெண்டு பாட்டில் தண்ணீர். பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. ஊர்ப் படகுகள் சாயங்காலமும் தேடின, அதிகாலையிலும் தேடின. அலையாத்திக் காடு லேசுப்பட்டதா? ஒரு ஓடை உள்ளே போய் நாலாகும், நாலும் பதினாறாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே வேர், அதே சேறு. அவருடைய போனும் எடுக்கவில்லை. சுற்றிலும் இருப்பதோ வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். சித்திரை வெயிலில் இன்னொரு பகல் தாங்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாளன்னிக்குக் கல்யாணம். அது கெடக்கட்டும். மேல பறந்து பாக்குற கேமரா உங்ககிட்ட இருக்குல்ல? அதக் கெளப்புங்க. நானும் வர்றேன்!" என்றாள் சுகந்தி.

"மஞ்சப் பூசுன பொண்ணு தண்ணிக்குப் போவக் கூடாதுடி!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"போனாத்தான் என்ன? உப்புத் தண்ணி என்னத் தின்னுடுமா?"

ஜெகபர் வனத்துறை ரேஞ்சருக்கு போன் போட்டுச் சொன்னான். "பறங்க தம்பி, எங்க படகும் வடக்கால தேடிக்கிட்டுத்தான் இருக்கு" என்று அவரும் சரி சொல்லிவிட்டார். சுகந்தியின் தாய்மாமன் கோவிந்தராசு படகைத் தள்ளினார். "போன்ல பதினெட்டுதான் இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜெகபர் ஏறினான். நாலு பேரும் ஏறினார்கள். கிளம்பியாச்சு!

வழியெல்லாம் தேடிக்கொண்டே போய்ப் பதினொன்றரை மணிக்குக் காட்டின் நடுப்பகுதியில் நரிக்கால் ஓடை மூன்றாகப் பிரிகிற இடத்தில் மாமா மோட்டாரை அணைத்தார். டிரோனுக்கு மூன்று பேட்டரி, ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம் பறக்கும். ஆனால் ரிமோட் ஒன்றே ஒன்றுதான். அதற்குச் சொந்தமாகத் திரை கிடையாது. ஜெகபரின் போனை அதன் தலையில் மாட்டி ஒயரால் இணைத்தால், டிரோன் பார்ப்பது போனில் தெரியும்.

"ரிமோட் தொண்ணூத்தாறு. போதும் போதும்!" என்றான் ஜெகபர். ஙொய்ங்ங் என்று டிரோன் எழும்பியது.

மேலேயிருந்து பார்த்தால் காடு பச்சைக் கம்பளி விரித்தது மாதிரி இருந்தது. நாலு ஜோடிக் கண்கள் அதை இழை இழையாக அலசின. கிழக்கே போனது, ஒன்றும் இல்லை. தெற்கே திரும்பியது, கொக்குக் கூட்டம்தான். இருபது நிமிஷத்தில் டிரோனை இறக்கிப் பேட்டரி மாற்றும்போது ஸ்டெல்லா ரிமோட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அண்ணே! அம்பத்திரண்டு! ஒரு தடவை பறந்ததுக்கே பாதி போச்சு!"

"அது பழசும்மா. மண்டபத்துலயும் இப்பிடித்தான் குடிக்கும். தட்டிக் குடுத்தா சரியாயிடும்."

ஜெகபர் ரிமோட்டை உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டினான். கல்யாண மண்டபத்தில் இந்த வைத்தியம் செல்லும். அங்கே மாப்பிள்ளை கார் வரும்போது அஞ்சு நிமிஷம், மாலை மாற்றும்போது அஞ்சு நிமிஷம் பறக்கவிட்டு, உடனே சுவரில் சொருகிவிடுவான். ஆறு மாசமாக ரிமோட் திணறுகிறது, ஆறு மாசமாக இவனும் தட்டிக்கொண்டே காலத்தை ஓட்டுகிறான். காட்டுக்குள் ஏதய்யா பிளக் பாயின்ட்?

ரெண்டாவது முறை டிரோன் மேற்கே போனது. பன்னிரண்டாவது நிமிஷம் ரிமோட் பீப் பீப் என்று அலறியது. பதினாலாவது நிமிஷம் பொட்டென்று அணைந்தது!

"அய்யய்யோ! டிரோன் எங்கண்ணே?" என்றாள் சுகந்தி.

"பயப்படாத தங்கச்சி. ரிமோட் செத்தா அது தானா கெளம்புன எடத்துக்கே வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்த ஜெகபருக்கு முகம் வெளுத்துப்போனது. கிளம்பின இடத்தில் இவர்கள் இல்லையே! வற்றுகிற நீரோட்டம் படகை ஐம்பது அறுபது அடி இழுத்து வந்திருந்தது. "மாமா! படகப் பின்னால தள்ளுங்க! அது தண்ணியில எறங்கிரும்!"

கோவிந்தராசு கழியை எடுத்துச் சேற்றில் ஊன்றினார். தள்ளு! தள்ளு! சுகந்தியும் இன்னொரு கழியைப் பிடித்தாள். வளையல் நொறுங்கியதைக்கூட அவள் பார்க்கவில்லை. தலைக்கு மேல் ஙொய்ங்ங் சத்தம் வந்துவிட்டது. டிரோன் மெதுவாக இறங்கியது. பத்தடி, எட்டடி, ஆறடி... படகுக்கும் அதற்கும் இன்னும் ஒரு பாக இடைவெளி, ரெண்டு கையையும் விரித்த அளவு. ஸ்டெல்லா படகின் மூக்கில் ஏறி நின்று ஒரே எட்டாக எட்டி, அதன் வயிற்றைக் கப்பென்று பிடித்தாள். பிடித்த வேகத்தில் கழுத்துவரை தண்ணீரில் விழுந்தாள். கை மட்டும் டிரோனோடு மேலே நின்றது!

"பலே பொண்ணு!" என்று மாமா அவளை இழுத்துப் போட்டார்.

சந்தோஷப்பட நேரம் இல்லை. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. டிரோனுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு பேட்டரி. ரிமோட்டோ பிணம். ஸ்டெல்லாவின் பவர் பேங்கில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. ரிமோட்டை அதில் சொருகிக் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் பவர் பேங்க் காலி. ரிமோட்டில் நாற்பது.

"பறக்கவிடவா?" என்றான் ஜெகபர்.

"வேணாம்ணே!" ஸ்டெல்லா கையை நீட்டித் தடுத்தாள். "நாப்பதும் பாதியில போயிட்டா அப்புறம் நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல. இது ஏன் இப்பிடிக் குடிக்குதுன்னு மொதல்ல பாப்போம். டிரோன் ஆஃப்லயே இருக்கட்டும். ரிமோட்ட மட்டும் ஆன் பண்ணி, ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கலாம்."

"அங்க எங்கப்பா தொண்ட காஞ்சு கெடக்காரு. இங்க ஆராய்ச்சியா?" சுகந்தி வெடித்துவிட்டாள்.

ஸ்டெல்லா அவள் தோளைப் பிடித்தாள். "அக்கா, ஒரே தடவைதான் பறக்க முடியும். அது உருப்படியாப் பறக்கணும்ல?"

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"சூடுதான் காரணம்" என்று ஜெகபர் ஈரத்துண்டை ரிமோட்டுக்கு அடியில் வைத்தான். மூன்று நிமிஷம் ஆனது. நாற்பது முப்பத்தெட்டாகிவிட்டது. "அப்ப வெளிச்சம்தான்!" போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தார்கள். முப்பத்தாறு! "டவர் தேடித் தேடியே களைக்குதோ என்னவோ?" போனின் நெட்வொர்க்கை நிறுத்தினார்கள். முப்பத்து நாலு!

"இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு தம்பி" என்றார் மாமா.

"பேயெல்லாம் இல்ல மாமா, பேட்டரி செத்துப்போச்சு. அவ்வளவுதான். என் தப்புதான், புதுசு மாத்தியிருக்கணும்" என்று ஜெகபர் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

வெயில் திரையில் விழாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த சுகந்திக்கு வேறு வேலை இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"பாய் அண்ணே, ஒங்க போனுக்கு யாரு சார்ஜ் போட்டா?"

"யாரும் போடலயே. ஏன்?"

"காலையில படகு ஏறும்போது நீங்கதான சொன்னீங்க, போன்ல பதினெட்டுதான் இருக்குன்னு? இப்ப எழுவத்தொன்பது!"

ஸ்டெல்லா போனைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், ரிமோட்டைப் பார்த்தாள். அப்புறம் வீல் என்று கத்தினாள்.

"திருடன் தலை மேலயே ஒக்காந்திருக்கான்! ஒயர் வழியா ரிமோட்டு போனுக்கு சார்ஜ் குடுத்துக்கிட்டே இருக்கு!"

ஆமாம்! அதேதான்! ஜெகபர் நாள் முழுக்க வீடியோவை ஏற்றி ஏற்றியே போனைத் தீர்த்துவிடுகிற ஆள். எப்போதும் பாதி செத்த போனைத்தான் கொண்டுவந்து மாட்டுவான். பசியோடு இருக்கிற போன் ரிமோட்டை உறிஞ்சு உறிஞ்சு என்று உறிஞ்சியிருக்கிறது. பழி மட்டும் ஆறு மாசமாக ரிமோட் பேட்டரி மேல்! "அட அறிவு கெட்டவனே!" என்று ஜெகபர் தன்னையே திட்டிக்கொண்டு, டிரோன் ஆப்பின் செட்டிங்கைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: போனுக்கு சார்ஜ் கொடு. பக்கத்தில் இருந்த பொத்தான் பச்சையாக எரிந்தது. அணைத்தான்.

ரிமோட்டில் முப்பத்தொன்று.

மூன்று நிமிஷம் காத்திருந்தார்கள். முப்பத்தொன்று! இன்னும் மூன்று நிமிஷம். முப்பத்தொன்றேதான்! மாமா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இப்ப ஏத்துங்கண்ணே!" என்றாள் சுகந்தி.

இந்த முறை நங்கூரம் போட்டுவிட்டுத்தான் டிரோனை ஏற்றினார்கள். சூடுபட்டவர்கள் இல்லையா! வடமேற்கே, இதுவரை போகாத பக்கம், சல்லென்று பறந்தது. ஆறு நிமிஷம். ஏழு நிமிஷம். பச்சை, பச்சை, எங்கு பார்த்தாலும் பச்சை. பத்தாவது நிமிஷம் ஒரு மர உச்சியில் நீலமும் வெள்ளையுமாக ஏதோ ஆடியது.

"கட்டம் போட்ட லுங்கி! அப்பா லுங்கி!" சுகந்தி துள்ளியதில் படகே ஆடியது.

ஜெகபர் டிரோனைத் தாழ்த்தினான். படகு நுழையவே திணறுகிற ஒரு குறுகலான ஓடையின் முடிவில், சேற்றில் சாய்ந்து கிடந்தது வள்ளம். அதில் வெறும் டவுசரோடு ஒரு மனுஷர், ஒரு காலைத் துணியால் கட்டிக்கொண்டு, ரெண்டு கையையும் ஆட்டுகிறார்! ஆட்டிக்கொண்டே இருக்கிறார்!

"இருக்காரு! உசுரோட இருக்காரு!" சுகந்தி சிரித்தாள், அழுதாள், மாமாவின் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"என் மச்சான் மானத்த மரத்துல கட்டித் தொங்கவிட்டாரு பாரு" என்று மாமாவும் அழுதுகொண்டே சிரித்தார்.

நங்கூரம் மேலே வந்தது. டிரோன் அவர் தலைக்கு மேலேயே நின்று வழிகாட்ட, ஸ்டெல்லா திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மாமா, சோத்துக்கை பக்கம்! இப்ப நேரா! அந்த ஓடை வேணாம், அது அடைச்சுக் கெடக்கு! அடுத்தது, அடுத்தது!" மோட்டார் செடியில் சிக்கியது. தூக்கிவிட்டுக் கழியால் தள்ளினார்கள். வேர் கன்னத்தைக் கிழித்தது. யாரும் நிற்கவில்லை.

பாதி வழியில் திரை சிவந்தது. டிரோனில் பேட்டரி குறைவு, திரும்பட்டுமா என்று கேட்டது. திரும்பினால் போய் இறங்க அங்கே படகு இல்லை, தண்ணீர்தான். நின்றாலும் கொஞ்ச நேரத்தில் விழும். டிரோன்தான் ஜெகபருக்குச் சோறு போடுவது. அவன் யோசிக்கவே இல்லை. 'வேண்டாம்' என்ற பொத்தானை அமுக்கினான்.

"ஓரமா ஒதுங்கிக்குங்க பெரியவரே," என்று காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறவரிடம் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, நாகூரானின் வள்ளத்துக்குள்ளேயே டிரோனை இறக்கினான். வள்ளத்தின் மூக்கில் இருந்த அணியத்துப் பலகையில் அது அலுங்காமல் உட்கார்ந்தது! ரிமோட்டில் இன்னும் இருபத்தெட்டு இருந்தது.

"அப்பா!" என்று சுகந்தி தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

காட்டுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. "இங்கடா தங்கம்!"

அந்தக் குரல் வந்த திசையிலேயே போய்க் கடைசித் திருப்பம் திரும்பினால், எதிரிலேயே அவர்! வேர் குத்தி வள்ளத்தின் பலகை பிளந்திருக்கிறது, போன் தண்ணீரில் போயிருக்கிறது, சிப்பி அறுத்த கால் வீங்கியிருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது. மாமா கொடுத்த தண்ணீரை ஸ்டெல்லா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்கவிட்டாள். நாலு மடக்கு உள்ளே போனதும் மனுஷர் முதலில் என்ன சொன்னார் தெரியுமா?

"நண்டு அத்தனையும் உசுரோட இருக்கு. ஈரச் சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன்."

"நண்டாம் நண்டு! ஒங்க நண்டுல இடி விழ! நீங்க இல்லாத கல்யாணத்துல எனக்கு எதுக்குப்பா விருந்து?" சுகந்தி அவர் நெஞ்சில் குத்தினாள். குத்திக்கொண்டே அதில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நாகூரான் மகள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கரையூர் துறையில் ஊரே திரண்டிருந்தது. படகு கண்ணில் பட்டதுமே கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த வெடி மொத்தத்தையும் யாரோ கொளுத்திவிட்டார்கள். ஸ்டெல்லாவைப் பெண்கள் தூக்கியே விட்டார்கள். "எப்பிடிப்பா கண்டுபிடிச்ச?" என்று நூறு பேர் ஜெகபரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"நான் எங்கங்க கண்டுபிடிச்சேன்? ரிமோட்டத்தான் ஆறு மாசமா குத்தம் சொல்லிக்கிட்டிருந்தேன். கூட ஒட்டிக்கிட்டிருந்த என் போன ஒரு தடவ பாத்திருந்தா காலையிலயே கண்டுபிடிச்சிருக்கலாம்" என்று அவன் உள்ளதைச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லிவிட்டான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் படுக்கையோடு வந்தார்கள். நாகூரானைத் தூக்கப் பார்த்தால் முடியவில்லை. சுகந்தி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கைய விடும்மா. நாங்க பாத்துக்கறோம்" என்றார் நர்ஸ்.

"மாட்டேன்" என்றாள் மஞ்சளும் சேறும் அப்பிய முகத்தோடு. "நாளன்னிக்கு இவருதான் என் கையப் பிடிச்சுக் குடுக்கணும். அதுவரைக்கும் இவரு கைய நான் பிடிச்சுக்கறேன்."